வியாசர்பாடி வீட்டு வாசலில் 108: குழந்தையைப் பார்க்கத் தெரிந்த கண்கள்

இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சலோடு இளைப்பும் கூடிய இரவில், வியாசர்பாடிக்கு வந்த 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர், அவளை என் மடியிலிருந்து எடுக்காமலேயே, சற்றுத் தள்ளி நின்று முகத்தெளிவையும் மூச்சு வாங்கும் விதத்தையும் தோலின் நிறத்தையும் சில நொடிகள் கவனித்தார். அன்று மாலை நாங்கள் போன கிளினிக்கில் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. இவரோ சட்டையை விலக்கி, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குவதைக் காட்டினார்; முழு நிமிடம் மூச்சை எண்ணி, இந்த வயதில் 40-ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சுதான் என்றார். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்றும் பார்த்தார். அழும் குழந்தையை அடக்கிப் பிடிக்காமல், "நீங்களே பிடிங்கம்மா" என்று ஆக்சிஜன் முகமூடியை என் கையில் கொடுத்ததை நான் மறக்கவே மாட்டேன். கட்டணம் ஏதுமில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில், குறித்து வைத்த எண்களை மருத்துவரிடம் நேரில் சொல்லிவிட்டே கிளம்பினார்.