பேஸ் கிட்டாருக்கு ஆள் வேண்டும் என்று போன் வந்தால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுக்களுக்கு வாசிக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு வேலையில் இருந்துகொண்டு ஆசைக்காக வாசிக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். போன ஆவணியில் மூன்று கச்சேரி வாசித்த வகையில் எனக்கு 10,500 ரூபாய் பாக்கி. அதில் ஒரு கச்சேரியில் என் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோனது, அதைச் சரிசெய்யக் கைக்காசு 4,800. ஏமாற்றியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதப்போகிறேன். ஆனால் அவர் எப்படிப் பேசுவார், எப்படி இழுத்தடிப்பார் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். தை முகூர்த்தத்துக்கு அவர் மறுபடி பேஸ் ஆள் தேடுகிறார் என்று முந்தாநாள் கேள்விப்பட்டேன்.

நான் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற கிட்டார், பதினோரு வருடமாக வாசிக்கிறேன். சின்ன வயதில் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மேலே இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் ராஜா சார் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். அந்தப் பாட்டுகளில் பேஸ் வெறும் தாளத்துக்கு ஒத்து ஊதாது. பாடுகிறவருக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும். அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை நாலு ஸ்ட்ரிங் யமஹா ஒன்றை வாங்க வைத்தது. மாதம் இரண்டு மேடை கிடைத்தால் எனக்கு அந்த மாதம் நல்ல மாதம்.

ஆடிக் கடைசியில், கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூப்பிட்டது நான் மேலே சொன்ன ஆள்தான். இவருக்குச் சொந்தமாகக் குழு கிடையாது. டேட் வாரியாக ஆட்களைச் சேர்ப்பார், பார்ட்டியிடம், அதாவது கச்சேரி வைக்கிறவர்களிடம், மொத்தமாகப் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். கோஆர்டினேட்டர் என்று சொல்லிக்கொள்வார். "தம்பி, உங்க வீடியோ ஒண்ணு பார்த்தேன். விரல் பேசுது"ன்னுதான் ஆரம்பித்தார். "இப்பல்லாம் பேஸைக் கீபோர்டுலயே இடது கையில ஓட்டிடுறாங்க. பாதிப் பேரு மைனஸ் ட்ராக், அதான் குரல் இல்லாத ரெக்கார்டு மியூசிக், போட்டுப் பாடிட்டுப் போயிடுறான். நான்தான் லைவ் பேஸ் இல்லாம மேடை ஏறமாட்டேன்னு பிடிவாதமா இருக்கேன்" என்றார். பேஸ் வாசிக்கிற எவனுக்கும் இந்தப் பேச்சு நெஞ்சில் போய் இறங்கும். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. பட்ஜெட் குறைகிற இடத்தில் முதலில் வெட்டுவது பேஸைத்தான்.

மூன்று டேட். கச்சேரிக்கு 3,500 ரூபாய். ஆம்ப் நான் கொண்டுவந்தால் அதற்கு 500 தனி. பஸ் செலவு என்னுடையது. நான் சரி என்றேன். அட்வான்ஸ் கேட்கத் தோன்றவில்லை.

பாட்டு லிஸ்ட் அனுப்பினார், 38 பாட்டு. பதினாறு ராத்திரி உட்கார்ந்து எண்பது பக்க நோட்டில் ஒவ்வொன்றுக்கும் கார்ட்ஸ் (பாட்டுக்கு அடியில் வரும் ஸ்வரக் கூட்டுகள்) எழுதினேன். பாடுகிற அம்மா அரைக் கட்டை இறக்கித்தான் பாடுவார் என்று கடைசி நாளில் தகவல் வந்தது. கிட்டார் வாசிப்பவர்களுக்குத் தெரியும், நாலு ஸ்ட்ரிங் பேஸில் கீழ் 'ஈ' (E) ஸ்வரத்துக்குக் கீழே இடம் கிடையாது. 'ஈ'யில் இருக்கிற பாட்டு அரைக் கட்டை இறங்கினால், ஆதார ஸ்வரமே கைக்குச் சிக்காது. ஒன்று, அந்த ஸ்ட்ரிங்கைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் மேல் ஸ்தாயியில் வாசித்து ஒப்பேற்ற வேண்டும். ஒப்பேற்ற மனசு வரவில்லை. ஆறு பாட்டை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதினேன். இதையெல்லாம் சொல்வது, உழைப்பு மேடையில் நிற்கிற மூன்றரை மணி நேரம் மட்டுமில்லை என்பதற்காக.

முதல் கச்சேரி புதுக்கோட்டையில் ஒரு ரிசப்ஷன். நன்றாகவே போனது. முடிந்ததும் கையில் 1,000 ரூபாயைத் திணித்து, "பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல. மூணும் முடியட்டும், மொத்தமா வாங்கிக்கங்க" என்றார். கவனியுங்கள், அவர் எதையும் எழுத்தில் சொல்லமாட்டார். நான் வாட்ஸாப்பில் கேட்டால் போனில் கூப்பிட்டுப் பதில் சொல்வார். "அண்ணே, கச்சேரிக்கு 3500, ஆம்புக்கு 500 தானே?" என்று ஒருமுறை போட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். இன்றைக்கு என்னிடம் இருக்கிற ஒரே எழுத்துச் சாட்சி அந்தக் கட்டைவிரல்தான்.

இரண்டாவது, பெரம்பலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், கோயில் குடமுழுக்குக்கு மறுநாள். கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து. மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, என் பக்கத்தில் தபேலாக்காரருக்காக வைத்திருந்த பெடஸ்டல் ஃபேன் திடீரென்று வேகமெடுத்தது. காற்று முகத்தில் அறைந்தது, நோட்டின் தாள்கள் படபடவென்று புரண்டன. அதே நேரத்தில் மேடைக்கு எதிர்ப்பக்க விளக்குகள் மங்கின. என்ன என்று நான் திரும்புவதற்குள் ஆம்ப் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. பின்பக்கத்திலிருந்து எரிந்த வார்னிஷ் வாடை.

மறுநாள் மெக்கானிக் விளக்கினார். மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் ஒயர் லூஸானால் ஃபேஸ்களுக்கு நடுவே வோல்டேஜ் சமமாகப் பிரியாது. லோடு அதிகமான பக்கத்தில் வோல்டேஜ் விழும், குறைந்த பக்கத்தில் ஏறும். 230 வரவேண்டிய இடத்தில் 300, 350, அதற்கு மேலும்கூட வரும். ஃபேன் வேகமெடுத்ததும் எதிர்ப்பக்கம் விளக்கு மங்கியதும் அதனால்தான். என் ஆம்பில் ட்ரான்ஸ்ஃபார்மரும் பவர் சப்ளை போர்டும் போயிருந்தன.

அன்றைக்கு நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. சவுண்ட் சர்வீஸ் தம்பி ஓடி வந்து நியூட்ரலைச் சரிசெய்யச் சொன்னார், ஆம்ப் இல்லாமலே கிட்டாரை மிக்சரில் சேர்க்கிற டிஐ பாக்ஸ் ஒன்று கொடுத்து லைனை நேராக மிக்சருக்கு இழுத்தார். ஆனால் மேடை மானிட்டரில் (வாசிக்கிறவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கிற ஸ்பீக்கரில்) பாடகர் குரல் மட்டும்தான். நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. தாடையைக் கிட்டாரின் மேல் கொம்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுக்கு வரும், ஸ்வரம் சரியா என்று அதில் தெரியும். அப்படியே இரண்டு மணி நேரம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று காவலர் வந்து சொன்னதும் முடித்தோம். கழுத்து நிமிர ஒரு நாள் ஆனது.

கோஆர்டினேட்டர் வந்து ஆம்பை எட்டிப் பார்த்துவிட்டு, "மேடைன்னா இதெல்லாம் சகஜம் தம்பி" என்றார். ஜெனரேட்டர்காரர், "உங்க ஆம்ப் பழசு" என்றார். அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவர்தான் ஆம்பைத் தூக்கிப் பஸ் வரைக்கும் கூட வந்தார்.

பிறகு ஏன் மூன்றாவதுக்குப் போனேன் என்று வீட்டில் கேட்டார்கள். நான் வரவில்லை என்றால் இரண்டு நாளில் 38 பாட்டையும் இன்னொருவர் படிக்க முடியாது. மேடையில் கூட நிற்கிறவர்களை அப்படி விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. இதையும் அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது கும்பகோணத்தில் ஒரு ரிசப்ஷன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் அப்பா இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். என்னிடம் நின்று, "அந்தப் பழைய பாட்டெல்லாம் அப்படியே ரெக்கார்டு கேட்ட மாதிரி இருந்துச்சு தம்பி. குழுவுக்குக் கொஞ்சம் கூடத்தான் கேட்டாரு. ஆனா முந்தாநாளே முழுசா குடுத்தது வீண் போகல" என்றார். கையில் இருந்த கவளத்தை வாயில் வைக்க முடியவில்லை. "பார்ட்டி பாக்கி" என்று கோஆர்டினேட்டர் காலையில்தான் என்னிடம் போனில் சொல்லியிருந்தார். கை கழுவிவிட்டு வந்து தேடினால் ஆள் இல்லை. வண்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கீபோர்டுக்காரர், தபேலாக்காரர், நான், மூன்று பேரும் ராத்திரி ஒன்றரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவர்களுக்கும் பாக்கி.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பேங்க் லீவு, ஊரில் துக்கம், வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கக் கூடாது, நம்பர் பிளாக். அவர் கடைசியாகப் பேசியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "நீங்க மாசச் சம்பளம் வாங்குறவரு. ஆசைக்குத்தானே வாசிக்கிறீங்க? கலைஞன் காசுக்கு இப்படி நிக்கலாமா?" என்றார்.

இதைப் பல நாள் யோசித்தேன். நான் ஆசைக்கு வாசிக்கிறவன் என்பது அவருக்குத் தற்செயலாகத் தெரிந்த விஷயம் இல்லை. அதற்காகவேதான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஏன் என்பது உறையூரில் ஒரு மாஸ்டரைப் பார்த்தபோது புரிந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் பேஸ் ஒன்றையே தொழிலாக வைத்திருப்பவர். வேறு வருமானம் என்று பார்த்தால் இரண்டு மாணவர்கள். அந்தக் கோஆர்டினேட்டருக்கு எனக்கு முன்னால் வாசித்தது இவர்தான். தையிலும் வைகாசியிலும் வாசித்ததற்கு 14,000 ரூபாய் வரவில்லை. பாக்கியைக் கொடுத்தால்தான் அடுத்த டேட் என்று நின்றார். அப்போதுதான் எனக்குப் போன் வந்திருக்கிறது. அதாவது, ஒருவர் தன் கூலிக்காக நின்ற இடத்தில், கூலியைப் பற்றிக் கேட்காத நான் போய் நின்றேன். எனக்கு அது தெரியாது. ஆனால் நான் விசாரிக்கவும் இல்லை.

மாஸ்டர் காபி கொடுத்தார். "உன் மேல கோபம் இல்லப்பா. ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அவருடைய வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் காய்த்துப்போய்க் கண்ணாடி மாதிரி மின்னின. அந்த விரல்களுக்கு வர வேண்டிய காசு அது.

அதனால் சொல்கிறேன். பேஸுக்கு ஆள் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், "இதுக்கு முன்னாடி யார் வாசிச்சாங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் போகாதீர்கள். பெயர் சொன்னால் அவருக்குப் போன் போட்டு, ஏன் விட்டார் என்று கேளுங்கள். நம் ஊர்களில் பேஸ் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், யாராவது ஒருவர் மூலம் நம்பர் கிடைத்துவிடும்.

பாதிப் பணம் முன்கூட்டியே அட்வான்ஸாகக் கையில் வர வேண்டும், மீதி மேடை ஏறும் முன். இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. தஞ்சாவூரில் நான் வாசிக்கிற ஒரு குழுத் தலைவர் சவுண்ட் செக் முடிந்ததும் எல்லோருக்கும் கவர் கொடுத்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் நாம் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளவே மாட்டார்கள். தேதி, ஊர், தொகை, ஆம்ப் வாடகை, பொருள் சேதமானால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் நீங்களே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் பார்ட்டியின் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், கிட்டார் பையில் ஒரு மல்டிமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். ஜெனரேட்டரோ மண்டபமோ, பிளக் சொருகும் முன் சாக்கெட்டை அளந்து பாருங்கள். 250-ஐத் தாண்டினால் சொருக வேண்டாம். எல்லா விளக்கும் போட்ட பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள், லோடு ஏறும்போதுதான் லூஸ் நியூட்ரல் வேலையைக் காட்டும். கச்சேரி நடுவே ஃபேன் வேகமெடுத்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர்தான் தைரியம் சொன்னார். வாய்மொழியாகப் பேசிய ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும், பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு என்றார். அதற்கு முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம். அவர் வராமல் இருந்துவிடலாம், அப்படியானால் நீதிமன்றம்தான். விவரம் வேண்டுமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

மாஸ்டருக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. இத்தனை வருடத்தில் கோர்ட் வாசலை மிதித்ததில்லை என்றார். போன வாரம் அவரே கூப்பிட்டார். பழைய டைரி ஒன்றில் தேதி, ஊர், தொகை எல்லாம் எழுதி வைத்திருக்கிறாராம், தையிலிருந்து ஒன்று விடாமல். கீபோர்டுக்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டேன். உங்களில் யாருக்காவது அதே ஆளிடம் பாக்கி இருந்தால், அதற்குள் என்னைக் கூப்பிடுங்கள். மனுவில் இன்னும் இடம் இருக்கிறது.