பொள்ளாச்சிக் கடையொன்றின் காப்பிப்பொடி: வீட்டு பில்டரில் எப்படி இறங்குகிறது?

வீட்டில் காப்பி சரியாக அமையாவிட்டால் பெரும்பாலோர் பாலைக் குறை சொல்கிறார்கள், இல்லையென்றால் புதிய பில்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். குற்றம் அவ்விரண்டிலும் இருப்பது அரிது. கொட்டை எப்போது வறுபட்டது, பொடி எந்தப் பதத்தில் அரைபட்டது என்பவையே டிகாஷனை முடிவு செய்கின்றன. இவ்விரண்டையும் வாங்குபவரின் பில்டருக்கு ஏற்றபடி செய்து தருவதால்தான் பொள்ளாச்சியில் நான் பொடி வாங்கும் சிறிய கடை எழுதத் தகுந்ததாகப் படுகிறது. குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் கடையின் பெயரை விட்டுவிடுகிறேன். கொங்கு நாட்டு ஊர்களில் இத்தகைய வறுத்து அரைக்கும் கடைகள் இன்னும் நடக்கின்றன என்பதால், இங்கே சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

கடை ஓர் அறை அகலம்தான். உள்ளே கேஸ் அடுப்பின்மேல் சுழலும் வறுக்கும் உருளை, அதையடுத்து அரைக்கும் எந்திரம், முன்பக்கம் கொட்டை நிரப்பிய தகர டின்கள், சுவரில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதிய பலகை, அவ்வளவே. 2024-இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிய நாளிலிருந்து அந்தப் பலகையை அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்கிறது. பிளான்டேஷன் ஏ, பீபெரி, ரொபஸ்டா ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கும். பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்குத்தான் வியாபாரத்தில் பிளான்டேஷன் என்று பெயர். ஒரு பழத்தில் இரண்டு கொட்டை விளைவதற்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் உருளையில் அது சீராக வறுபடும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சிக்கரியும் பாலும் சேர்ந்த பிறகு, அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலை நாக்குக்குத் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை. பிளான்டேஷனில் முக்கால் பங்கும் ரொபஸ்டாவில் கால் பங்கும் கலந்து வாங்கினால், அரபிகாவின் மணத்தோடு பாலுக்கு ஈடுகொடுக்கும் கனமும் கிடைக்கிறது. வீட்டுச் செலவுக்கு இதுவே போதும்.

கொட்டையை நிறுத்தவுடன் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே இந்தக் கடையின் சிறப்பு: "பில்டருக்குங்களா, சட்டியில போட்டு வடிக்கறதுக்குங்களா?" பில்டர் என்றால் பித்தளையா, எவர்சில்வரா, எத்தனை பேருக்கானது என்று அடுத்த கேள்வி வரும். துளைகளின் அளவு பில்டருக்குப் பில்டர் மாறும் என்பதால் இக்கேள்விகளுக்குப் பொருள் உண்டு. சிக்கரியே வேண்டாம் என்று நான் சொன்னபோது, "சிக்கரி இல்லாட்டி சடக்குன்னு இறங்கிருங்க, அப்பறம் கெட்டியா இல்லீன்னு எங்களச் சொல்லக்கூடாதுங்க" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. வறுத்த சிக்கரி வேரில் நீரில் கரையும் பொருள் காப்பிக் கொட்டையைவிட மிகுதி என்பதால் டிகாஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் வருகின்றன. மேலும் அது நீரை உறிஞ்சி ஊதி, பொடிக்குள் தண்ணீர் இறங்கும் வேகத்தைத் தடுப்பதால், காப்பியின் சாறு இறங்கப் போதிய நேரமும் கிடைக்கிறது. சிக்கரியில் காஃபின் கிடையாது. பொட்டலத்தில் விற்கும் காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஏறக்குறையப் பாதி வரை சிக்கரி இருந்தாலும் குற்றமில்லை. பெரிய கடைகளில் எடுக்கும் பொட்டலங்களின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. இங்கே 80-20 என்று கேட்டால் நம் கண் முன்னாலேயே நிறுத்துக் கலக்கிறார்கள். உறையின்மேல் தேதியையும் விகிதத்தையும் பேனாவால் எழுதித் தருகிறார்கள்.

ஒருமுறை அவர் இல்லாத வேளையில் கடைப்பையன் அரைத்துக் கொடுத்த பொடி மிக நைசாக இருந்தது. இரவில் ஊற்றி வைத்த தண்ணீர் விடிந்தபோதும் பாதிக்கு மேல் பில்டரின் மேல்தட்டிலேயே நின்றது. இறங்கிய கொஞ்சமும் கசந்து, அடியில் சேறாகப் படிந்திருந்தது. பொட்டலத்தைத் திரும்ப எடுத்துச் சென்றபோது கடைக்காரர் ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ரவையாட்ட நெறநெறன்னு இருக்கோணுங்க, மாவா இருந்தா அடைச்சுக்கும்" என்று சொல்லி, மறுபேச்சில்லாமல் புதிதாக அரைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பணம் கொடுக்கும் முன் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சரியான பதத்தில் அரைத்த பொடியை நான் போடும் முறை இது. மேல்தட்டில் 20 கிராம் பொடியைப் போட்டுத் தட்டிச் சமமாக்கி, பொடியின்மேல் வைக்கும் காம்புள்ள தட்டான குடையை மெதுவாக வைக்கிறேன், அழுத்தினால் தண்ணீர் இறங்காது. கொதி அடங்கிய தண்ணீரில் முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். புதிதாக வறுத்த கொட்டையில் தங்கியிருக்கும் கரியமில வாயு அப்போது நுரையாகக் கிளம்பும். நுரையே வராவிட்டால் பொடி பழையது என்று தெரிந்துகொள்ளலாம். அரை நிமிடம் கழித்து மீதியையும் சேர்த்து மொத்தம் 120 மில்லி தண்ணீர் ஊற்றினால், பொடி தன் எடையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீரைப் பிடித்துக்கொள்ள, 80 மில்லி அளவுக்கு முதல் டிகாஷன் கீழே இறங்கும். அரைமணி நேரத்துக்குள் இறங்கி முடிந்தால் பதம் சரி. ஆறிய டிகாஷனை அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு மிஞ்சும் என்பதால், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவதே நல்லது.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதைக் கேலி செய்பவர்கள், அதே பொடியை எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கடினநீரில் உள்ள பைகார்பனேட், காப்பியின் மெல்லிய புளிப்பை அடக்கிவிடுவதால் டிகாஷன் சப்பென்று ஆகிவிடுகிறது. நல்ல பொடிக்குக் காசு கொடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் போடுவதைவிட, காப்பிக்கு மட்டுமாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது மேல்.

சுவைக்கு வருவோம். 30 மில்லி டிகாஷனுக்கு 100 மில்லி தண்ணீர் கலக்காத பால் சேர்த்தால் இந்தப் பொடி கனமும் மணமுமாக நிற்கிறது. கடைசி வாய் வரை பால்வாடை மேலே வருவதில்லை. ஆனால் வரக்காப்பியாகக் குடித்துப் பார்த்தால்தான் வறுவலின் குணம் வெளிப்படுகிறது. இவர்கள் கொட்டையின்மேல் எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுப்பாக வறுக்கிறார்கள். பாலில் மறைந்துவிடும் அந்தக் கருகல் கசப்பு வரக்காப்பியில் தொண்டையில் தங்குகிறது. ஒரு பதம் முன்னால் இறக்கித் தரச் சொன்னால் செய்வார்கள், ஆனால் அதற்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் அதை டிகாஷனில் முதலில் கரைத்து, பாலைச் சற்று ஆறவைத்துச் சேர்க்கவும். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துபோக வாய்ப்புண்டு.

கடையின் குறைகளில் முதலாவது, அரைத்த பொடியைச் சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுவது. உள்ளே வியர்த்துப் பொடி கட்டியாகிறது. தாளில் ஐந்து நிமிடம் பரப்பிவிட்டுத் தரும்படி நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, எந்திரத்தில் முந்தைய வாடிக்கையாளரின் பொடி தங்கியிருக்கும். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவிடச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் எடுக்கிறார்கள். கால் கிலோவுக்குக் குறைவாக அரைப்பதில்லை என்பது இருவர் மட்டும் உள்ள வீட்டுக்குச் சங்கடமே. அரைத்த பொடி இரண்டு வாரத்துக்குள் மணம் இழக்கத் தொடங்கும். அப்படிப்பட்டவர்கள் வறுத்த கொட்டையாகவே வாங்கி, வீட்டில் கையால் சுற்றும் சிறிய எந்திரத்தில் அன்றன்றைக்கு அரைத்துக்கொண்டு, சிக்கரியை இங்கேயே தனிப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொட்டையாக வாங்குவதற்குக் குறைந்த அளவு என்ற கட்டுப்பாடு இல்லை.