சேலத்தில் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டயர் வாங்கப் போகிறீர்களா? என் 9,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 9,400 ரூபாய். இரண்டு டயர், ரிம் டேப், வால்வு, சீலண்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கிற திரவம்), மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து. கடைப் பெயரைப் போடவில்லை. கியர் சைக்கிள் விற்று, சர்வீஸும் செய்து தருகிற ஒரு கடை, அவ்வளவுதான்.

ஏற்காட்டு எஸ்டேட் பாதைகளில் ஒரு கிராஸ் கன்ட்ரி சைக்கிள் ரேஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுத் தார் ரோடு இல்லை. சில்வர் ஓக் சருகு மூடிய மண், அதற்கடியில் வேர், ஈரம், உதிரிக்கல். முன்னால் பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் முட்டு) கொஞ்சம் உயர்ந்த டயர், பின்னால் பட்டன் தாழ்ந்து வேகமாக உருளுகிற டயர், இரண்டும் 29க்கு 2.25 இன்ச், ட்யூப்லெஸ் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ட்யூப் போட்டுக் காற்றைக் குறைத்தால், கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி ஓட்டை விழும். கூட்டி அடித்தால் ஈர வேரில் பிடிமானம் போய்விடும். ட்யூப்லெஸ் என்றால் என் எடைக்கு 22, 23 பிஎஸ்ஐ-யில் தைரியமாக இறங்கலாம்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு டயரைக் கொண்டுவந்தார். புடவை மாதிரி மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. விரித்து, விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "கம்பியே இல்ல பாருங்க தம்பி, கெவ்லார். உங்களுக்குத் தப்பாக் கொடுத்துட்டு நான் இந்த ஊர்ல கடை வெச்சிருக்க முடியுமா?" கெவ்லார் என்பது வலுவான நார்; விளிம்பில் கம்பிக்குப் பதில் அது இருந்தால் டயர் இப்படி மடியும். பக்கவாட்டில் ரப்பரிலேயே அச்சாகியிருந்த 'ட்யூப்லெஸ் ரெடி' (ட்யூப் இல்லாமல் ஓட்டலாம்) எழுத்தைக் காட்டினார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். ஜிபேயில் 9,400 போட்டேன். சாயங்காலம் போனால் வண்டி துடைத்து, சீலண்ட் ஊற்றி, காற்றடித்துத் தயாராக நின்றது. பில்? "பிரிண்டர் ரிப்பேர் தம்பி, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்."

பாதை பார்க்கப் போன அன்றைக்கு, நாகலூர் பக்கம் ஓர் இறக்கத் திருப்பத்தில் பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. சீலண்ட் முழுவதும் தரையில். முன் டயரைக் குனிந்து பார்த்தால், பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெள்ளைச் சொட்டு கசிந்து நிற்கிறது. முழங்கை தேய்ந்ததோடு தப்பித்தேன். தார் ரோடு வரை தள்ளிக்கொண்டு வந்து, ஒரு காய்கறி வேனில் ஏற்றி இறங்கினேன்.

வீட்டில் இரண்டையும் கழற்றினால், விளிம்புக்குள் விறைப்பாகக் கம்பி. 'ட்யூப்லெஸ் ரெடி' என்பது ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகிறது. கம்பி விளிம்பிலும் சில கம்பெனிகள் ட்யூப்லெஸ் டயர் போடுகின்றன, அது வேறு. எனக்கு மாட்டியது அதுகூட இல்லை, ட்யூப் போட்டு ஓட்டவேண்டிய சாதா டயர்.

போன் பண்ணினால், "மலையில ஓட்டினா டயர் கழலத்தாங்க செய்யும்." அப்புறம், "பையன் மாத்தி மாட்டியிருப்பான், அவன் லீவுல இருக்கான்." அப்புறம், "கம்பெனி ஆள் வந்து பார்க்கணும்." அதற்கப்புறம் வெறும் நீல டிக். சரி என்று டயர்களைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். மனுஷன் வேறொரு பையனிடம் அதே மடித்த டயரை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்! அந்தப் பையன் முன்னாலேயே கேட்டேன். "மாட்டின டயரைத் திரும்ப எடுக்கிறதில்ல சார், பில் இருந்தாக் கொண்டுவாங்க." பில் தராதது யார்?

பையன் வாங்காமல் போய்விட்டான் என்பது ஒன்றுதான் ஆறுதல். ரேஸ் அன்றைக்கு நான் ஓரமாக நின்று கைதட்டினேன்.

டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். எழுத்து ரப்பரில் அச்சாகியிருக்கிறதா என்று இரண்டு டயரிலும் பாருங்கள். பில் கைக்கு வராமல் ஜிபே பண்ணாதீர்கள்.

9,400 ரூபாய்க்கு என்னிடம் மிஞ்சியிருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், இரண்டு டயரும், உரித்த ஸ்டிக்கரும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மடித்த டயரைக் காட்டி உங்களுக்கும் விற்றிருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.