‘சாஃப்ட்பால் கேட்சர் மிட்’ என்று பேஸ்பால் மிட்டைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

ஆன்லைனில் ‘சாஃப்ட்பால் கேட்சர் மிட், அசல் லெதர்’ என்று விளம்பரம். மிட் என்பது, பேட் செய்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் மாட்டும் தடித்த கையுறை. ஒரு பள்ளி அணியின் கேட்சருக்காக வாங்கிய அந்த மிட்டில் பந்து நிற்கவே இல்லை. எறிந்த பந்து நேராக உள்ளங்கையில் விழுந்தாலும் துள்ளி வெளியே ஓடியது. ஒரு மாதத்துக்குள் உள்ளங்கைப் பக்கம் உரிந்து அடியில் துணி தெரிந்தது. திருப்பி எடுக்கச் சொன்னால், ‘பயன்படுத்திய பொருள், முடியாது’ என்று ஒரே வரியில் பதில்.

பந்து நிற்காதது பிள்ளையின் குற்றம் அல்ல, வந்தது பேஸ்பால் மிட். பேஸ்பாலின் சுற்றளவு சுமார் 9 அங்குலம், சாஃப்ட்பாலுக்கு 12. விட்டத்தில் பார்த்தால் ஒன்று 7.4 செ.மீ., மற்றது 9.7 செ.மீ. பேஸ்பால் மிட்டில் விளிம்புத் திணிப்பு தடிமன், பாக்கெட் (பந்து உட்காரும் குழி) சிறியது. அதில் பெரிய பந்து உள்ளே இறங்காமல் விளிம்பில் மோதித் திரும்பும். எனவே கடைக்குப் போகும்போது பையில் ஒரு 12 அங்குலப் பந்து இருக்கட்டும். பாக்கெட்டில் வைத்து மிட்டை மூடிப் பாருங்கள். கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் பந்தின் பாதியைத் தாண்டி வளைய வேண்டும். பந்து மேலேயே உட்கார்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் அளவைக் கவனியுங்கள். கேட்சர் மிட்டை வெளி விளிம்பைச் சுற்றி அளப்பார்கள்: பெரும்பாலும் 32 முதல் 35 அங்குலம். ‘12.5 அங்குலக் கேட்சர் மிட்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சாதாரண ஃபீல்டிங் கிளவுஸ். ‘ரைட் ஹேண்ட்’ என்று மட்டும் இருந்தால், வலக்கையால் எறிபவருக்கா, வலக்கையில் மாட்டுவதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வலக்கையால் எறிபவர் மாட்டுவது இடக்கையில். இந்தக் குழப்பத்தில் போன பணம் கொஞ்சமல்ல.

தோலா, ரெக்சினா என்று கண்டுபிடிக்க மோந்து பார்த்தால் போதாது. லேஸ் நுழையும் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராக இருக்கும். செயற்கை என்றால் மெல்லிய பூச்சும் அடியில் துணியும் தெரியும். புறங்கைப் பக்கம் செயற்கையாக இருந்தால் புதிதாக ஆடுபவருக்குப் பரவாயில்லை. உள்ளங்கையும் லேஸும் தோலாகத்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் டேக் கிழிக்காமல், எண்ணெய் தடவாமல், ஒரு பந்துகூடப் பிடிக்காமல் பாருங்கள். பந்துத் தடம் பட்டால் திருப்புவது கஷ்டம்.

இன்னொரு ஏமாற்று: ‘கைக்குப் பழக்கித் தருகிறோம்’ என்று தனியாகக் காசு வாங்குவது. எண்ணெயில் ஊற வைப்பது, ஓவன் அடுப்பில் சூடாக்குவது, இதுதான் பல இடங்களில் நடக்கும் வைத்தியம். கடையில் தொடும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் சூட்டில் தோலின் இயல்பான கொழுப்பு வற்றி, பிறகு வெடிக்கும். எண்ணெய் திணிப்பில் இறங்கினால் மிட் கனத்துத் தொளதொளத்துப் போகும்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். தோலை மென்மையாக்கும் கிளவுஸ் கண்டிஷனரைத் துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு மட்டும் எடுத்து மெல்லப் பூசுங்கள். மரச் சுத்தியலால் பாக்கெட்டில் தட்டி, கட்டைவிரல், சுண்டுவிரல் மடிப்புகளை மாறிமாறி வளையுங்கள். தோசை மாதிரி நடுவில் மடித்தால் பாக்கெட்டே உருவாகாது. தினம் அரை மணி நேரம் பந்து பிடியுங்கள். இரவில் பந்தை உள்ளே வைத்துக் கட்டி வையுங்கள்.

மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி, பந்தோடு நிழலில் காய விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். கிட் பையில் ஷின் கார்டுக்கு (கால் கவசம்) அடியில் நசுங்க விடாதீர்கள்.

லேஸ் அறுந்தால் மிட்டைத் தூக்கிப் போட வேண்டாம், 72 அங்குலத் தோல் லேஸ் தனியாகக் கிடைக்கும். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பதானால் லேஸையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் கையிலிருக்கும் நைலான் கயிற்றைப் போட்டுவிட்டால், அது ஒவ்வொரு பிடிப்பிலும் துளையை அறுத்துக்கொண்டே வரும்.