ஓயாமாவா, மிதாகேவா? இலை சிவக்கும் நாளில் எந்த மலைக்கோயில்?

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய் வர ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் மலைக்கோயில் ஒன்று என்றால், நான் சொல்வது இரண்டு: பக்கத்து மாகாணமான கனகாவாவின் ஓயாமா, டோக்கியோவின் மேற்கு ஓரத்து மிதாகே. ரயில், பஸ், கேபிள் கார் என்று பயணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இலையின் நிறம்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓயாமா. நவம்பர் பிற்பாதியில் அங்கே மேப்பிள் மரங்கள் படிக்கட்டின் மேல் செக்கச்செவேலென்று கவிந்து நிற்கும். ஆனால் அந்தப் படிக்கட்டு ஓயாமாதேரா என்ற பௌத்தக் கோயிலுடையது. முன்பு இதுவும் மேலே உள்ள ஷிண்டோ கோயிலும் ஒரே வழிபாட்டிடம்; 1868இல் மெய்ஜி பேரரசரின் புதிய அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது பௌத்தக் கோயில் கீழே இறங்கியது. ஷிண்டோவின் அஃபுரி கோயில் அதற்கும் மேலே, சுமார் 700 மீட்டரில் இருக்கிறது. மழை வேண்டி உழவர்கள் கும்பிட்ட மலை இது. சன்னிதிக்கு அடியில் இறங்கினால், கல் டிராகனின் வாயிலிருந்து ஊற்றுநீர் விழும். வந்தவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொள்வார்கள். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். 1,252 மீட்டர் உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேர ஏற்றம். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். அடிவாரத்தில் டோஃபு சாப்பாடு பிரபலம்தான், ஆனால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாறில் பெரும்பாலும் மீன் இருக்கும்.

மிதாகேயில் இலை முன்னதாகவே, அக்டோபர் கடைசியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். ஓயாமா அளவுக்குச் சிவப்பு இல்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், மலைமேல் ஒரு ஊரே இருக்கிறது. யாத்ரீகர்களுக்கு இடம் கொடுத்து வழிபாடும் செய்துவைக்கும் ஓஷி குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. கேபிள் காரிலிருந்து இறங்கி, அந்த வீடுகளையும் ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் கெயாக்கி மரத்தையும் தாண்டி, 929 மீட்டர் உச்சிக்கு அரை மணி நேர நடை. மூடுபனியில் வழிதவறிய யமாதோ தாகேரு என்ற புராண இளவரசனுக்கு ஒரு வெள்ளை ஓநாய் வழிகாட்டியதாம். அது இங்கே காவல் தெய்வம். அதனால் நாயைக் கூட்டிவந்து அதற்கென்று பூஜை செய்வார்கள். மூச்சு வாங்க நிற்கும் நாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டி இரண்டு முறை குனிந்து கும்பிட்டதைப் பார்த்தேன். குனிந்தபின் கைதட்டுவது ஷிண்டோ வழக்கம்; அந்த முறை வந்தபோது நாயின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

ஒரு இரவு தங்க முடிந்தால் மிதாகேயின் யாத்ரீகர் விடுதியில் தங்குங்கள். கடைசி கேபிள் கார் இறங்கியபின் கூட்டம் கலைந்துவிடும். தூரத்தில், டோக்கியோ இருக்கும் கான்டோ சமவெளியின் விளக்குகள் தெரியும்.