11 நாளைக்கு ஒரு ஜோடி செல்

போன ஆடித் தள்ளுபடியில் 3,999 ரூபாய் கொடுத்து, டிவியில் சொருகி இன்டர்நெட் வழியாகப் படம், பாட்டு பார்க்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கினேன். அம்மாவுக்காக வாங்கியது. 81 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்தும் சின்ன எழுத்து பிடிபடுவதில்லை. திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க அவரால் ஆகாது. ரிமோட்டில் இருக்கும் மைக் பட்டனை அமுக்கிக்கொண்டு "முருகன் பாட்டு" என்றால் போதும், பாட்டு வரிசையாக வந்து நிற்கும். அந்த ஒரு பட்டனுக்காகத்தான் இந்த மாடலை எடுத்தேன்.

ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. படம் தெளிவு, சுழன்றுகொண்டே நிற்பது கிடையாது, சூடும் அளவாகத்தான் ஏறுகிறது. கோளாறெல்லாம் ரிமோட்டில்.

பெட்டியோடு வந்த பேட்டரி செல் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. செல் இறங்கும்போது முதலில் படுப்பது மைக் பட்டன்தான். அம்பு பட்டன்கள் ஓடிக்கொண்டிருக்கும், குரல் மட்டும் ஏறாது. "கண்ணு, நான் சொல்றது அதுக்குக் கேக்கறதில்லை, எனக்குத் தொண்டை போச்சாட்ட இருக்குது" என்று அம்மா சொன்னார். பழுது ரிமோட்டில் இருக்க, அவர் தன் குரலைச் சந்தேகப்பட்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

தெருமுனைக் கடையில் 12 ரூபாய் செல் வாங்கிப் போட்டேன், 5 நாள். ஆல்கலைன் செல் போட்டேன், 11 நாள். சார்ஜ் செய்கிற 750 மில்லியாம்பியர்-அவர் (செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) செல், 8 நாள். எந்தச் செல்லைப் போட்டாலும் சொல்லி வைத்தாற்போல் தீர்ந்தது. பக்கத்தில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் போட்ட செல்லோ ஒரு வருடம் தாண்டியும் ஓடுகிறது.

நான் 30 வருடம் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தவன். கரன்ட் அளக்கும் மீட்டரை எடுத்தேன். ஒரு துண்டு அட்டையின் இரண்டு பக்கமும் அலுமினியத் தாளை ஒட்டி, செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகி, ஒரு பக்கத்துக்கு ஒரு முனையாக மீட்டரை வைத்தால் போதும். ரிமோட் இழுக்கிற கரன்ட் அத்தனையும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு பட்டனையும் தொடாமல் மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். 3.8 மில்லியாம்பியர். இறங்கவே இல்லை. ஸ்டிக்கின் பவரைப் பிடுங்கிவிட்டும் பார்த்தேன், அதே 3.8. பட்டன் ஏதாவது உள்ளே சிக்கிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக எழும்பி வந்தது. அதே அட்டையை செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் செருகினால் 2 மைக்ரோ ஆம்பியர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நல்ல ஆல்கலைன் ரிமோட் செல்லில் சுமார் 1,000 மில்லியாம்பியர்-அவர் இருக்கும். அதை 3.8-ஆல் வகுத்தால் 263 மணி நேரம். ஆக 11 நாள். கணக்கும் காலண்டரும் அச்சு அசலாக ஒத்துப்போயின.

செட்டாப் பாக்ஸ் ரிமோட் இன்ஃப்ராரெட்டில், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஓடுவது. பட்டனை அமுக்கினால் மட்டும் விழிக்கும். இந்த ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. அதனால்தான் டிவியை நோக்கிப் பிடிக்காமலே வேலை செய்கிறது, குரலும் போகிறது. வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் சிப் தூங்கிவிட வேண்டும். என் கையில் இருந்தது தூங்கவே தூங்காத சிப். அதற்கு எந்தச் செல்லும் ஈடு கொடுக்காது.

கஸ்டமர் கேருக்கு மார்கழியில் முதல் போன். நல்ல பிராண்டு செல் போடுங்கள் என்றார்கள். போட்டேன். ரிமோட்டைத் திரும்ப இணையுங்கள் என்றார்கள். இணைத்தேன். சார்ஜ் செல் போட்டதுதான் தப்பு, அது 1.2 வோல்ட்தான் என்றார் இன்னொருவர். 1.5 வோல்ட் செல்லும் 11 நாளில் தீர்கிறதே, மீட்டர் படத்தை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாமாம். இப்படியே நான்கு போன். ஐந்தாவது போனில் சொல்கிறார்கள், ஸ்டிக்குக்குத்தான் ஒரு வருட வாரண்டி, ரிமோட்டுக்கு ஆறு மாதம், அது போன வாரத்தோடு முடிந்துவிட்டதாம். புது ரிமோட் வேண்டுமென்றால் 1,499 ரூபாய். ஆறு மாதத்துக்குள் போன் செய்தவனை ஆறு மாதம் தாண்டும்வரை செல் மாற்ற வைத்துவிட்டு இதைச் சொன்னார்கள். இதுதான் என்னைச் சுட்டது. அதற்குள் 15 ஜோடி செல் ஆகியிருந்தது. 30 செல்லையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், குப்பையில் கொட்ட மனம் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். கட்டணம் கிடையாது. பில் நகல், முதல் போன் செய்த தேதி, புகார் எண், மீட்டர் படம் எல்லாம் கொடுத்தேன். 12 நாளில் காசில்லாமல் புது ரிமோட் வந்து சேர்ந்தது. புகார் எண்ணை எழுதி வைத்திருந்தது கை கொடுத்தது. வாரண்டிக்குள்ளேயே சொன்னேன் என்பதற்கு அதுதான் சாட்சி. யாராக இருந்தாலும் முதல் போனிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரிமோட் வரும்வரை டிவியின் சொந்த ரிமோட்டை வைத்து ஓட்டினோம். டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ-சிஇசி என்று ஒன்று இருக்கும் (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு). அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டின் அம்பு பட்டன்களுக்கே ஸ்டிக் கட்டுப்படும். எங்கள் டிவி ரிமோட்டில் மைக் கிடையாது. அந்த நாட்களில் அம்மாவுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து பாட்டைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

புது ரிமோட்டையும் வந்த அன்றே மீட்டரில் வைத்தேன். 0.03 மில்லியாம்பியர். அதே கம்பெனி, அதே மாடல். நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான். என் வீட்டுக்கு வந்த ஒன்று பழுது என்று முதல் போனிலேயே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஸ்டிக்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், அவர்களுடைய சர்வீசுக்கு ஒன்று.

செல் மூடிக்கு உள்பக்கம் "பிப்ரவரி 9" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வைகாசி பிறந்துவிட்டது, இன்னும் அதே ஜோடி. காலையில் காபி குடித்ததும் அம்மா தானே ரிமோட்டை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பாட்டைச் சொல்லிக் கேட்கிறார்.