மேனேஜ்ட் சுவிட்சா, சாதாரண சுவிட்சா?

ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர், இரண்டு சுவிட்சுகளின் விலையையும் விசாரித்துவிட்டு வந்து, "மேனேஜ்ட் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்.

சுவிட்ச் என்பது ஓரிடத்துக் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. மேனேஜ்ட் என்றால் உள்ளே போய் செட்டிங் மாற்றலாம், சாதாரணத்தில் அது முடியாது. அன்றாட வேலையில் இரண்டும் ஒன்றுதான். எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) எந்தப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, தகவலை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். சுவிட்சுக்கு முன்பு இருந்த ஹப் என்ற பெட்டி அப்படியில்லை. ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை லயம் முழுக்க வாசித்துக் காட்டும். வேகத்திலும் பேதமில்லை, கிகாபிட் என்றால் இரண்டிலும் கிகாபிட்தான்.

சிக்கல் ஆட்களால் வருகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன், சும்மா கிடந்த கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டான். கேபிளில் போகும் தகவல் பொட்டலத்துக்கு (ஈதர்நெட்) இத்தனை சுற்றோடு நில் என்ற கணக்கு கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா லைட்டும் வெறிபிடித்தாற்போல் மின்ன, அத்தனை கம்ப்யூட்டரும் முடங்கின. நாங்களோ அரை நாள் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மேனேஜ்ட் சுவிட்சில், இப்படிச் சுற்றுவதைக் கண்டுபிடித்து நிறுத்தும் எஸ்.டி.பி. இருந்திருந்தால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அடைத்திருக்கும். ராடியா பேர்ல்மன் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1985இல் உருவாக்கிய முறை அது. ஆனால் கொஞ்சம் செட்டிங் மட்டும் உள்ள மலிவான 'ஸ்மார்ட்' மாடல் எல்லாவற்றிலும் இது இருக்காது, கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மேனேஜ்டில் கிடைக்கும் இன்னொன்று வி-லேன், ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வசதி. மாணவர் கம்ப்யூட்டர்களையும் கட்டணக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரையும் ஒரே பெட்டிக்குள் பிரித்து வைக்கலாம். இரு பக்கமும் இன்டர்நெட் வேண்டுமென்றால் ரவுட்டருக்கும் வி-லேன் புரிய வேண்டும். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. செட்டிங் போட்ட தம்பி பாஸ்வேர்டோடு கொழும்புக்குப் போய்விட்டால் அது வேறு தலைவலி.

இடி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலையில் வெட்டும் மின்னலுக்கு, கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் செம்புக் கேபிளே வழி காட்டிவிடும். தோட்டத்து ஆபீசிலிருந்து பெக்டரிக்கு இழுப்பதென்றால், மின்சாரம் பாயாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர்தான் சரி. செம்புக்கு 100 மீட்டர்தான் எல்லை, மேட்டில் சுற்றி வளைத்துப் போனால் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நண்பருக்கு ஒரே அறை, 12 கம்ப்யூட்டர், பூட்டக்கூடிய அலுமாரி. சாதாரண 16 போர்ட் போதும் என்றேன். அடுத்த வருடம் கேமராவும் ஆசிரியர்களுக்கு வைஃபையும் போடப்போவதாகச் சொன்னார். அப்படியென்றால் அவற்றையும் வி-லேனில் பிரித்து வைக்க இப்போதே மேனேஜ்ட் எடுங்கள், பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் என்றேன்.